பட்டினி போட்ட புரதம்

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். வீட்டின் முதல் பட்டதாரி. உள்ளுக்குள் பயம்தான், அதைக் கோபமாக மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

பாக்டீரியாக்கள் இரும்பைச் சேர்த்துவைக்கும் புரதங்களை வகை பிரித்து சீனியர் அண்ணன் ஓர் அட்டவணை போட்டிருந்தார். பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்த சின்னக் கூடு ஒரு வகை. இருபத்துநான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய கூடு இன்னொன்று. அந்தப் பெரிய கூடே ஹீம் என்ற சிவப்புப் பொருளைத் துண்டுகளுக்கு நடுவே இடுக்கி வைத்திருந்தால் அது தனி வகை. மிளகாயின் புரதம் வெளிறிக் கிடந்ததால் அதைச் சாதாரணப் பெரிய கூடுகளோடு தள்ளிவிட்டார். மூன்று மணிக்கு அட்டவணை ஆய்வு இதழுக்குப் போகிறது. போனால், அது ஹீம் வகை என்று நம்பி அவள் உழைத்த மூன்று வருடமும் அம்போ.

"அண்ணா, ஹீமைப் பிடிக்கிற கொக்கி அதே இடத்துலதான் இருக்கு. நிறம் வராதது புரதத்தோட குத்தமில்ல. நாமதான் எல்லாத்தையும் இரும்பு பத்தாத சத்துநீர்ல வளக்கிறோம். பட்டினி போட்டுட்டு புள்ள சோனின்னா எப்படி?"

"வாய் நல்லா பேசுது. கையில என்ன இருக்கு?"

ஐஸ் பெட்டியிலிருந்து குழாயை எடுத்து நீட்டினாள். இரும்பு உப்பும் ஹீமின் மூலப்பொருளும் ஊட்டி வளர்த்துப் பிரித்தது. செக்கச்செவேலென்று இருந்தது.

அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இரும்பை ஊத்தினா துருவும்தான் சிவக்கும்."

சுருக்கென்றது. அவள் இதை யோசிக்கவே இல்லை. கேள்வி நியாயமாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

"ஒளிமானியில வைப்போம், எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குதுன்னு கோடு போட்டுக் காட்டிடும். துருன்னா கோடு வழவழன்னு ஏறிட்டே போகும். ஹீம்னா நடுவுல கூரா முளைக்கும். முளைக்கலன்னா உங்க அட்டவணையை நானே அனுப்புறேன்."

மணி இரண்டு நாற்பது. திரையில் கோடு ஏறியது. வழவழவென்றே ஏறியது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் நகத்தைக் கடித்துத் துப்பினாள். ஒளியின் அலைநீளம் நானூற்று இருபது நானோமீட்டரை நெருங்கும்போது கோடு விருட்டென்று எழும்பி, ஊசிமுனையாகி, அதே வேகத்தில் சறுக்கி இறங்கியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" மேசையை அவள் தட்டிய தட்டில் குழாய்கள் உருண்டன.

அண்ணன் அட்டவணையைத் திறந்தார். அவளுடைய புரதத்தைத் தனி வகைக்கு மாற்றினார். பிறகு விரல் அங்கேயே நின்றது.

"மிளகாய்... என்னோட ஏழும் அதே சத்துநீர்லதான் வளந்துச்சு."

சாதாரணக் கூடுகள் என்று அவர் எழுதிய ஏழும் திரையில் வரிசையாக நின்றன. அவர் போனை எடுத்து ஆய்வகத் தலைவியான மேடத்திடம், அட்டவணை இன்றைக்குப் போகாது என்றார்.

அவள் அதற்குள் ஏழு குடுவைகளைக் கழுவப் போட்டிருந்தாள். "இரும்பு உப்பு டப்பாவை இப்படித் தள்ளுங்க. ஏழு புள்ளைங்களுக்கும் சாப்பாடு போடணும்."