மறைவு வரிசையில் ஒரு பெயர்

காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி போகிற பாதையில் ஒரு சின்ன நூலகம். அதன் வாசல் சுவரில் ஒரு கரும்பலகை. ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்புப் போட்டு நூலகர் மாது தினமும் காலையில் எழுதுவார். நிகழ்வுகள், பிறப்புகள், மறைவுகள் என மூன்று வரிசை. இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறார். ஒரு தேதி பிசகிவிட்டாலும் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்றைக்குப் பிப்ரவரி இருபத்தொன்பது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பக்கம். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக அப்படியே நிற்கிறார்.

அவருடைய ஒரே மகள் மலர்விழி பிறந்தது இந்தத் தேதியில்தான், 1996இல். தாயில்லாப் பிள்ளை, நூலக மேசைக்கடியில் தூங்கி வளர்ந்தது. “இருபத்தெட்டாந்தேதியே எம் பேரையும் எழுதுப்பா, யாருக்குத் தெரியப்போவுது?” என்று வருஷா வருஷம் அழும். “வரலாத்துல கை வெக்கக் கூடாது சாமி” என்பார் இவர். ஆனால் இருபத்தொன்பது வந்துவிட்டால் போதும். பிறப்பு வரிசையில் மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி (1904), அடுத்தபடி மலர்விழி (1996)! பிரதமருக்குக் கீழே தன் பெயரைப் பார்த்துவிட்டு அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தரையில் கால் பாவாது. இந்தத் தேதிக்கு அவர் நோட்டில் மறைவுகள் எதுவும் இல்லை. அந்த வரிசை காலியாகவே கிடக்கும்.

2020 வரைக்கும் காலியாகக் கிடந்தது. அன்று காலை மகள் பெயரை எழுதி முடித்த கையோடு போன் வந்தது. “அப்பா, தமிழ்ச்செல்வனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க, ஒரு வார்த்தை நல்லா இருன்னு சொல்லுங்கப்பா.”

பையன் வேறு சாதி. மாதுவுக்குக் கண் மண் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இஷ்டப்பட்டவனோடு போன மகளுக்கு, அவள் உயிரோடு இருக்கும்போதே ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ் வைக்கிற அப்பன்கள் உண்டு. இவருக்குப் பிளெக்ஸ் எதற்கு? போர்டு இருந்ததே! பிறப்பு வரிசையில் அவள் பெயரை உள்ளங்கையால் அழித்தார். மறைவு வரிசையில் எழுதினார். மலர்விழி (2020). யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்து அவளுக்கே அனுப்பிவைத்தான்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜானகியம்மாளிடம்தான் அவள் பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து போனில் சொன்னாள். “போர்டுல சாவடிச்சவரு போர்டுலயே பெத்தெடுக்கட்டும் அத்தை. அப்பறம் வர்றேன்.” அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த மகள்.

ஆறு மாசத்தில் கோபம் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெறும் ஏக்கம்தான். ஜானகியம்மாளின் போன் அடித்தால் இவர் காது அங்கே போய்விடும். மகளோ என்று ஒரு டீ சொல்லிவிட்டுப் போய் நிற்பார். மூன்று பிப்ரவரி இருபத்தெட்டுகளில் சாக்பீஸை எடுத்தார், வைத்தார். இது அவள் தேதி இல்லையே, வரலாற்றில் கை வைக்கலாமா? சட்டமாவது ஒன்றாவது! வீம்பு. அது அவருக்கே தெரியும்.

இன்றைக்கு வீம்புக்கும் சாக்கு இல்லை. மொரார்ஜி தேசாய், ருக்மிணி தேவி எழுதினார். அடுத்து மலர்விழி (1996) என்று எழுதினார். ‘ழி’ கோணிக்கொண்டு போனது. அழித்து இன்னொரு முறை எழுதினார்.

ஜானகியம்மாள் ஓடிவந்து படமெடுத்தாள். “அனுப்பிட்டேங்கண்ணா. பாருங்க, நீல டிக்கு வந்திரிச்சி!”

“என்ன சொல்றா?”

“ஒண்ணுஞ் சொல்லல.”

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மாது எழுந்து வாசலுக்கு வந்தார். மதியம் நூலகம் மூடுகிற நேரம் தாண்டியும் திறந்தே வைத்திருந்தார். இரண்டு மணிக்கு ஜானகியம்மாள் கடைச் சாமானை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து கத்தினாள். “ராத்திரியும் தூங்கல, இப்பவும் பட்டினியா? வூட்டுக்குப் போயி ஒரு வாய் தின்னுட்டு வாங்க. நானும் செத்த படுத்துட்டு வர்றேன்.” பூட்டிவிட்டுப் போனார். சாப்பிட்டவர் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பாழாய்ப்போன தூக்கம், நான்கு வருஷம் வராதது அன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்!

திரும்பி வரும்போது மணி நாலரை. போர்டில் நிகழ்வுகள் வரிசையில் புதிதாக ஒரு கையெழுத்து. சாக்பீஸ் டப்பா ஜன்னல் விளிம்பில் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

‘மலர்விழி வந்தாள் (2024). நூலகம் பூட்டியிருந்தது. வூட்டுக்கு வா என்று இன்னும் யாரும் கூப்பிடவில்லை.’

மாது அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். வாசலில் பேப்பர் படிக்கக் காத்திருந்த இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கடை திறக்க வந்த ஜானகியம்மாள் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போன் போடட்டுங்களாண்ணா? பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டா.”

“வேண்டாம்மா. போன்ல கூப்பிட்டா ஆவாது. அவ இருக்கற தெரு எது, அதைச் சொல்லு.”

சொன்னாள். மாது கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தார். நடக்காத ஒன்றை அந்தப் போர்டில் அவர் எழுதியது வாழ்க்கையில் இரண்டே தடவை. முதல் தடவை நான்கு வருஷத்துக்கு முன்னால். இரண்டாவது இது. மகள் எழுதியதற்குக் கீழே எழுதினார்.

‘மாது மகளை வூட்டுக்குக் கூட்டிவந்தார் (2024).’

இருபத்தைந்து வருஷத்தில் முதன்முறையாக மாலையில் நூலகத்தைத் திறக்காமலே விட்டார். வந்து நின்ற கிருஷ்ணகிரி பஸ்ஸில் செருப்பை மாற்றிப் போட்டபடியே ஏறினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. போர்டை யாரும் அழிக்கவில்லை. எல்லோருக்கும் மார்ச் பிறந்துவிட்டது, அந்தச் சுவரில் மட்டும் பிப்ரவரி இருபத்தொன்பது இன்னொரு நாள் இருந்தது.