கேண்டிலுக்கு ஆறு ரூபாய் தள்ளுபடி

தண்ணீரின் விலை பாட்டில் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய். இதைச் சொல்வதற்காக பம்பாயிலிருந்து டிரங்க் கால் போட்டிருந்தார் மாப்பிள்ளை மாணிக்கவாசகம். எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடை அது. மெட்ராஸ் குழாய்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர், அழுக்கு வேட்டியின் முதல் அலசல் மாதிரி இருந்தது.

"மாமா, அங்க குழாய்த் தண்ணியில சாக்கடை கலக்குதுன்னு இங்க பேப்பர்ல போட்டிருக்கான். தங்கத்துக்கு இது ஏழாம் மாசம். பாட்டில் தண்ணி மட்டும் வாங்கிக் குடுங்க. மவுண்ட் ரோட்டுல கிடைக்கும். பணம் நான் அனுப்புதேன்."

"பணத்தை விடுங்க மாப்ள. தலைப்பிரசவம் எங்க செலவு. ஒடம்பு நல்லா..."

மூன்று நிமிஷம் முடிந்து லைன் செத்தது.

மாமனார் வைரவனுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. அவர் தண்ணீரை விற்றதில்லை. தண்ணீரை வைத்து விற்றவர். சேலை பார்க்க வருகிற பெண் பாயில் உட்கார்ந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் வந்துவிடும். தண்ணி வாங்கின கை வெறுங்கையாக எழுந்திருக்காது என்பது அவர் கண்ட உண்மை. இருபது வருஷமாகத் தான் இனாமாகக் கொடுத்த சரக்கை எவனோ மூடி போட்டு ஒன்றரை ரூபாய்க்கு விற்கிறான் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை. நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

கல்லாவில் உட்கார்ந்தபடியே மனக்கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில், மூணு ரூபாய். பிரசவத்துக்கு மூணு மாசம். ஆக இருநூற்று எழுபது. அந்தக் காசுக்கு மகளுக்கு ஒரு பட்டே எடுக்கலாம். குடித்தால் மறுநாள் இல்லாமல் போகிற சாமானுக்கா அவ்வளவு? சரி, வீட்டில் காய்ச்சியே கொடுக்கலாம் என்றால், மனைவி பேச்சியம்மாள் இப்போதே காய்ச்சிக்கொண்டுதான் இருந்தாள். ரேஷன் மண்ணெண்ணெய் பத்து நாளில் தீர்ந்து, மிச்சத்துக்குக் கறுப்புச் சந்தையில் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் மாதத்துக்குப் பதினைந்து, இருபது தின்றது. பில்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரே முதல், வட்டியில்லாத லாபம். வைரவன் குடையை எடுத்துக்கொண்டு பாண்டி பஜாருக்குக் கிளம்பினார்.

பாத்திரக்கடை அப்துல் கஃபார் அவருக்கு நெடுநாள் பழக்கம்.

"இன்னா அண்ணாச்சி, கல்லாவ வுட்டுட்டு இந்தப் பக்கம்?"

"பில்டர் என்ன விலை?"

"முப்பத்தெட்டு. ஒண்ணே ஒண்ணுதான் கீது. அதையும் உனுக்குத் தர்றதா இல்ல."

"ஏன், என் நோட்டு செல்லாதா?"

"நீ வேற. கேண்டில்ல கீறல் வுட்டுக்கினு கீது. சனிக்கிழமை கம்பெனிக்காரன் வேற குடுத்தனுப்புறேன்னான். நாலு நாள் பொறுத்துக்கோ, புதுசு போட்டுத் தர்றேன்."

எடுத்துக் காட்டச் சொன்னார். எவர்சில்வரில் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் நடுவில் வெள்ளைக் களிமண்ணில் செய்த கேண்டில். மேலே ஊற்றுகிற தண்ணீர் அதன் உடம்பு வழியாகக் கசிந்து கீழே இறங்க வேண்டும். அழுக்கெல்லாம் வெளியே நின்றுவிடும். அதன் கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு, ஓர் அங்குலம் இருக்கலாம். வைரவன் அதை நகத்தால் தடவிப் பார்த்தார். துணியில் பழுது பார்க்கிற அதே தடவல்.

அவர் தொழிலில் இதற்குப் பெயர் செகண்ட்ஸ். ஒரு நூல் விட்டுப்போன சேலை, கரை கொஞ்சம் ஒதுங்கின வேட்டி. மில்காரன் கழித்துக் கட்டுவதை மூட்டையாக வாங்கி வந்து, பழுது கொசுவத்துக்குள் போகும்படி மடித்து, முக்கால் விலைக்குத் தள்ளிவிடுவது. அவருடைய கடையின் முதல் மாடி அப்படித்தான் எழும்பியது. ஆறு கெஜத்தில் ஓர் அங்குலம் பழுது என்றால், மிச்சமெல்லாம் நல்ல துணிதானே? உடுத்துகிறவளுக்கே தெரியாத பழுதால் யாருக்கு நஷ்டம்?

"எம்புட்டுக் குறைப்பீரு?"

"கொறைக்கறதா? அண்ணாச்சி, இது பொடவை இல்ல."

"பொடவையா இருந்தா பாதிக்கே தட்டியிருப்பேன். பில்டருங்கதால முப்பது."

"முப்பத்தாறு. அதுவும் உன் மூஞ்சிக்கோசரம்."

"என் மூஞ்சிக்கு ரெண்டு ரூவாதானா? கீறின சாமான வச்சிக்கிட்டு நீரு பேசுத பேச்சு!"

கால் மணி நேரம் நடந்தது. முப்பத்திரண்டில் முடிந்தது.

"ஆறு ரூபா தள்ளிட்டேன். அப்பால மாத்திக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் வாங்கின சரக்கைத் திருப்பினவன் இல்ல."

வீட்டில் சமையலறை மேடையில் பில்டரை வைத்தார். மேல் மூடியைத் திறந்து, கீறல் இருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி கேண்டிலைத் திருகினார். கைப்பழக்கம். கண்ணாடிப் பெட்டியில் சேலையை அடுக்கும்போதும் அவர் கை இதைத்தான் செய்யும்.

"இனி காய்ச்ச வேண்டாமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"பில்டரும் போட்டு, காய்ச்சவும் செஞ்சா ஒரு சரக்குக்கு ரெண்டு விலை குடுத்த மாதிரில்லா?"

அவளுக்கும் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டுவது விட்டால் சரி என்றிருந்தது. மகள் தங்கபுஷ்பம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து குழாயைத் திருகி, ஒரு தம்ளர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிங்கு மாதிரிதான் இருந்தது.

"எப்பா, எம்புட்டுக் குறைச்சீய?"

"ஆறு."

"முப்பத்தெட்டுல ஆறா? அப்ப கடைக்காரன் நம்ம ஊர்க்காரன் இல்ல."

மூவரும் சிரித்தார்கள். அவள் இன்னொரு தம்ளர் பிடித்துக் குடித்தாள்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் லேசாக, பிறகு சாயங்காலமானால் ஏறுவதும் காலையில் கொஞ்சம் இறங்குவதுமாக. ஐந்தாம் நாள் மயிலாப்பூரிலிருந்து டாக்டர் நீரஜா வந்து பார்த்தாள். ரத்தம் எடுத்தனுப்பி, மறுநாள் தானே திரும்பி வந்தாள்.

"டைஃபாய்டு. எட்டாம் மாசத்துல வந்து தொலைஞ்சிருக்கு. இந்த மருந்தைக் கொடுக்கவும் பயமா இருக்கு, கொடுக்காம விடவும் முடியாது. ரெண்டு உயிர் இல்லையா? நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்கோ." சமையலறைக்கு வந்து கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "தண்ணி காய்ச்சித்தானே கொடுத்தேள்?"

"பில்டர் தண்ணிம்மா! புதுசா வாங்கினது," என்றாள் பேச்சியம்மாள், அந்த நேரத்திலும் ஒரு பெருமையோடு.

"பில்டர் நல்லதுதான். கேண்டில் நன்னா இருந்தா ஒண்ணும் வராது. வெளியில எங்கயாவது சாப்பிட்டாளோ என்னமோ."

வைரவன் துண்டை எடுத்து நீட்டினார். வாசலில் கார் கிளம்பியதும் செருப்பைக் கூட சரியாக மாட்டாமல் இறங்கி நடந்தார்.

டாக்ஸி பிடித்து மவுண்ட் ரோட்டுக்குப் போனார். பாட்டில் தண்ணீர் விற்கிற கடையில் ஒரு பெட்டி கேட்டார். பன்னிரண்டு பாட்டில், பதினெட்டு ரூபாய். எண்ணி வைத்தார். அதே டாக்ஸியில் பாண்டி பஜார்.

"நல்ல கேண்டில் ஒண்ணு குடும்."

"பத்து ரூபா அண்ணாச்சி." கஃபார் பேரத்துக்குத் தயாராகக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

வைரவன் பத்து ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்தார்.

கஃபார் நோட்டைத் தொடவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். "இன்னா அண்ணாச்சி, பேரம் பேசல? வூட்ல யாருக்கு இன்னா?"

வைரவன் காகிதத்தில் சுற்றின கேண்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பெட்டியை டாக்ஸிக்காரன் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது பேச்சியம்மாள் எதிரே வந்தாள்.

"இது என்ன?"

"தண்ணி. புள்ளைக்கு."

"பில்டர் இருக்கையில எதுக்கு? பாட்டிலு எம்புட்டு?"

"ஒன்றரை."

"எம்புட்டுக்குக் கேட்டீய?"

"கேக்கல. சொன்னதைக் குடுத்தேன்."

அவள் தாலிக்கே ஆசாரியிடம் கூலி பேசின மனிதர் அவர். முப்பது வருஷத்தில் எந்தக் கடையிலும் சொன்ன விலையை அவர் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் அவர் கையிலிருந்த காகிதப் பொட்டலம் கண்ணில் பட்டது. வாங்கிப் பிரித்தாள். வெள்ளைக் கேண்டில்.

ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போனாள். பில்டரின் மூடியைத் தூக்கி, தண்ணீருக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த கேண்டிலைச் சுற்றித் தடவினாள். முன்பக்கம் வழவழவென்று இருந்தது. சுவர்ப்பக்கம் போன விரல் நின்றது.

"தெரிஞ்சா வாங்கினீய?"

"ஆறு ரூவா குறைச்சான்."

"நான் அதைக் கேக்கல."

"தெரியும்," என்றார். "மயிரிழைதான். துணியில..."

"துணியிலயா? வயித்துல புள்ளையோட வந்தவளுக்கு வாங்கின சாமான்லயுமா கொசுவத்தைப் பாத்தீய? நானும் கிறுக்கி, காய்ச்சுறதை நிறுத்தினேனே!"

படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. காய்ச்சலில் வறண்டு போன குரல்.

"அம்மா, தண்ணி."

வைரவன் ஒரு பாட்டிலின் மூடியை உடைத்துத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார். அவள் தம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அம்மா கையால குடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். சேர்ந்த ஆறாம் நாளே, நாள் குறித்துக் கொடுத்திருந்த கணக்கையெல்லாம் மதிக்காமல், குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒரு கைத்துண்டில் மூன்று சுற்றுச் சுற்றலாம் போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மருந்தைப் பொறுத்துத் தாய் பிழைப்பாள், தாயைப் பொறுத்துக் குழந்தை பிழைக்கும், இப்போதைக்கு எதையும் சொல்வதற்கில்லை என்றாள் நீரஜா. வைரவன் தினம் இரண்டு பாட்டிலைத் துணிப்பையில் கொண்டுபோய் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வியாபாரியாக வாழ்ந்தவருக்கு யாரிடம் பேரம் பேசுவது என்று தெரியாத இடம் அது. வடபழனி முருகனுக்கு என்ன நேர்ந்துகொள்ளலாம் என்று யோசித்தார். எவ்வளவு சொன்னாலும் குறைத்துச் சொன்ன மாதிரியே பட்டது.

மாப்பிள்ளை ரயிலேறி வந்தார். "சொன்னபடி பாட்டில் தண்ணி வாங்கிக் குடுத்திருக்கீங்களே மாமா, அப்புறமும் எப்படி வந்துச்சு?" என்று பெஞ்சுக்கடியில் கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்துக் கேட்டார். வைரவன் மனைவியைப் பார்த்தார். அவள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். அவர்கள் இருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைரவனுக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும். அவரும் சொல்லவில்லை.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். தங்கபுஷ்பத்துக்கு முடி கொட்டி, கன்னம் ஒட்டிப் போனது. குழந்தை அழுதால் பூனைக்குட்டி மாதிரி சத்தம் வந்தது, ஆனால் அழுதது. வீடு திரும்பியதும் பேச்சியம்மாள் பில்டரின் மேலடுக்கில் புளியைப் போட்டு மூடி வைத்தாள். மகளுக்குத் தனிப் பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சினாள். வைரவன் ஊற்றிக் கொடுத்த எதையும் மகள் தொடுவதில்லை. சண்டையில்லை, கோபப் பேச்சில்லை. "வேண்டாம்பா, இப்பத்தான் குடிச்சேன்" என்பாள்.

பம்பாய்க்குப் புறப்படுகிற அன்று மாப்பிள்ளை டாக்ஸிக்குப் போயிருந்தார். தங்கபுஷ்பம் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் குடிச்ச தண்ணி நாப்பத்திரண்டு பாட்டிலு. ஒன்றரை மேனிக்கு அறுவத்து மூணு ரூவா. காலி பாட்டிலு பரண்ல இருக்கு, அதை வித்த காசு அம்மைக்கு."

"என்னட்டி இது? அப்பன்கிட்ட தண்ணிக்குக் கணக்கா?"

"பொறவு, கீறின கேண்டில்ல நீங்க மிச்சம் பிடிச்ச ஆறு ரூவா. அதை அன்னைக்கே என்கிட்ட கேட்டிருக்கலாம்பா. இந்தாங்க."

அவர் கையைப் பிடித்து நோட்டுகளை வைத்து, விரல்களை மடக்கினாள். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, வெந்நீர் நிரப்பின கூஜாவையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை வைரவன் நின்றார். பிறகு கை தன் பழக்கத்தில் விரிந்து நோட்டுகளை எண்ணியது. பத்து ரூபாய் ஆறு, ஐந்து ரூபாய் ஒன்று, இரண்டு ரூபாய் ஒன்று, ஒரு ரூபாய் இரண்டு. அறுபத்தொன்பது. இன்னொரு தடவை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது.