சிவப்புப் பலகை

கோட்டைத் தீவின் துறைச் சுவரில் ஒரு சிவப்புப் பலகை உண்டு. அதன் மேல் மூடியிருக்கும் வெள்ளைக் கதவைத் தள்ளினால் சிவப்பு தெரியும். தீவில் இருப்பவருக்குப் படகு வேண்டும் என்று அர்த்தம். முப்பது வருடமாக இக்கரையில் நான்தான் படகுக்காரன். சிவப்பைக் கண்டால் சாப்பிட்ட கையோடு ஓடியிருக்கிறேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்குச் சிவப்பைப் பார்த்தும், பார்க்காதவன்போல நண்டுக்கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

காரணம் ஷோனா. கோட்டையில் சீட்டுக் கொடுப்பது, பூட்டுவது, வருகிறவர்களுக்குத் தேநீர் போடுவது எல்லாம் அவள்தான். பதினோரு வருடமாகப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். வருடா வருடம் செப்டம்பரோடு, குளிர்காலத்துக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள். இந்தத் தடவை அபர்தீனிலிருந்து அவள் அக்கா, ஒரேயடியாக வந்துவிடச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தாள். ஷோனா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நல்லதுதானே" என்றேன். என் வாயில் மண்ணைப் போட! அவள் போய்விட்டால் அந்தத் தீவில் எனக்கு என்ன இருக்கிறது?

ஆக, சிவப்பு தெரிந்தால் பெட்டியோடு நிற்கிறாள் என்று அர்த்தம். நானே கொண்டுபோய் விடுவதா?

ஒரு மணிக்கு கிளாஸ்கோவிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தி வந்து நின்றாள்.

"கோட்டைக்குப் போகணும்."

"மூடியாச்சும்மா."

"நாளைக்குத்தானே மூடுறாங்க? இந்தத் துறை வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே."

"எஞ்சின் சரியில்ல."

"காலைல மீன் பிடிச்சிட்டு வந்தீங்கன்னு கடையில சொன்னாங்களே."

"மூடுபனி."

டீச்சரம்மா வெயிலில் கண்ணைச் சுருக்கி எதிர்க்கரையைப் பார்த்தாள். "மூடுபனியிலயும் அந்தச் சிவப்பு நல்லாத் தெரியுது. சிவப்புன்னா யாரோ கூப்பிடறாங்கன்னு கடையில சொன்னாங்க."

வேறு வழியில்லை. படகை எடுத்தேன்.

ஷோனா கையைக் கட்டிக்கொண்டு துறையில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"யோவ் ரூரி! மூணு மணி நேரமாத் திறந்து வச்சிருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எஞ்சின்..."

"பொய் சொல்லாதே. சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு, காலைல."

நான் சுற்றிப் பார்த்தேன். "பெட்டி எங்கே?"

"என்ன பெட்டி?"

"அபர்தீனுக்கு..."

"வரலைன்னு அக்காவுக்கு முந்தாநாளே சொல்லிட்டேன். கூரையில ஓடு பேந்துருச்சு. ஏணியைப் பிடிக்க ஆளு வேணும்னு கூப்பிட்டா, துரை அங்க கூடை கழுவிட்டிருக்கார்!"

டீச்சரம்மா சத்தமில்லாமல் இறங்கி, தானாகவே கோட்டைப் பக்கம் நடந்தாள். நல்ல மனுஷி.

"பலகையத் திறந்தா உன்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போகத்தான் நீ கூப்பிடறேன்னு நெனச்சேன். நீ போயிடுவேன்னு பயமா இருந்துச்சு ஷோனா."

"வான்னுதான் கூப்பிட்டேன், மடையா." குரல் தாழ்ந்தது. "நான் ஏன் மொதல்ல வரலைன்னு சொன்னேன்னு நெனச்சே? இங்க பலகையத் திறந்தா நீ வருவே. இன்னிக்கு நீ வரல. அதான் பன்னெண்டரைக்கு அக்காவுக்குப் போன் பண்ணி, வர்றேன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

நான் படகுக் கயிற்றைக் கீழே போட்டேன்.

"திரும்பப் பண்ணு. நானே பேசறேன். உன் தங்கச்சிய நான் விடமாட்டேன்னு சொல்றேன்."

"என்னன்னு சொல்லிப் பேசுவே? படகுக்காரன்னா?"

"நீ என்ன சொல்லச் சொல்றியோ, அது."

ஷோனா கட்டியிருந்த கையை இறக்கினாள். பிறகு தொலைபேசி இருக்கும் வீட்டுப் பக்கம் முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.