டேப்பில் ஓடாத பாட்டுகள்

ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அருண்ராஜின் ஸ்டூடியோ. இளமதி அங்கே ஆறு வருஷமாக வேலை பார்த்தாள். பாடகர்கள் பாடிவிட்டுப் போனபிறகு குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துப் பாட்டாக்கும் மிக்சிங் வேலை அவளுடையது. வெளியே தெரிந்தது அருண்ராஜின் பெயர். நிரஞ்சனாவின் ஆல்பம் வரும்வரை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நிரஞ்சனா ஒரு பள்ளி ஆசிரியை. நாற்பத்தி நாலு வயதில், தானே எழுதி மெட்டமைத்த எட்டுப் பாட்டுகளைப் பாடியிருந்தார். நல்ல குரல்தான். ஆனால் பதிவில் அது கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி சில்லென்று இருந்தது. இளமதி செங்காங் வீட்டில், தன் அறையில், பதினோரு வாரம் அந்தக் குரலோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் கைகொடுத்தது ஒரு டேப் மென்பொருள். பழைய டேப் மெஷினில் பதிந்தால் ஒலிக்கு வருகிற கனத்தையும் இதத்தையும் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கித் தருவது. அளவு கொஞ்சம் கூடினாலும் பாட்டு கலங்கிவிடும். குரலுக்குத் துளி, தபேலாவுக்குக் கொஞ்சம் கூடுதல், வயலினுக்கு வேண்டவே வேண்டாம் என்று பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக வைத்துப் பார்த்தாள். முடிந்ததைக் கேட்ட நிரஞ்சனா, “இது நான்தானா?” என்று இரண்டு முறை கேட்டார்.

ஆல்பம் வெளிவந்து பேசப்பட்டது. ஒரு இணைய சேனல் அருண்ராஜைப் பேட்டி கண்டது. ஸ்டூடியோ மூலையில் மோட்டார் போன டேப் மெஷின் ஒன்று கிடந்தது. மூடப்பட்ட ஏதோ கடையிலிருந்து அவன் தூக்கிவந்தது. அதன்மேல் கைவைத்துக்கொண்டு சொன்னான்: “எட்டுப் பாட்டையும் இதுலதான் ஓட்டி எடுத்தேன். மூணு வாரம் தூங்கல.”

“தனியாவா பண்ணீங்க?”

“அசிஸ்டன்ட் ஒரு பொண்ணு இருக்காங்க. ஃபைல் எல்லாம் அடுக்கி வைப்பாங்க.”

எல்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டே அதைக் கேட்ட இளமதி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் அவனிடமே கேட்டாள். அவன் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னான்.

“பெட்ரூம், லேப்டாப், ஒரு பொண்ணுன்னு சொன்னா எவன்லா மதிப்பான்? டேப்புன்னா அதுல ஒரு கதை இருக்கு. நம்ம ஸ்டூடியோவுக்குத்தானே நல்லது?”

“சரிண்ணா,” என்றாள்.

அந்தச் சரியை அவன் நம்பினான். அவள் வேலையை விட்டுப் போயிருந்தால் ஒருவேளை உஷாராகியிருப்பான். அவள் தினமும் வந்தாள். அவன் சொன்ன ஃபைல்களை அடுக்கி வைத்தாள். வீட்டுக்குப் போனதும் எட்டுப் பாட்டுகளின் மூலப்பதிவுகளையும் திறந்து, தான் வைத்த அளவுகள் ஒன்றுவிடாமல் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபார்த்தாள். இரண்டு மாதம் இப்படியே போனது.

பிறகு அருண்ராஜ் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல் உரைக்கு ஏற்பாடு செய்தான். தலைப்பு, ‘டேப்பின் ஆன்மா’. லேப்டாப்பில் பாட்டுகளை ஓட்டுவதற்கு இளமதியை வரச் சொன்னான். அன்று மத்தியானம் அவளுக்காக மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தான். இறால் கூடுதலாகப் போடச் சொல்லியிருந்தான். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். மனசு மாறவில்லை.

எழுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் நிரஞ்சனாவும் அவருடைய அம்மா ரத்தினம்மாவும். அருண்ராஜ் முதல் பாட்டின் தொடக்கத்தைப் போடச் சொன்னான்.

“அந்த மெல்லிசான இரைச்சல் கேக்குதா? அதுதான் டேப். எந்த சாஃப்ட்வேராலயும் கொண்டுவர முடியாது.”

அது ஸ்டூடியோ ஏர்கான் சத்தம். பாடிய அன்று மைக்கில் விழுந்தது. எடுத்துவிடலாமா என்று யோசித்து, அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தவள் இளமதி.

அவள் மைக்கை எடுத்தாள்.

“அண்ணா, ஒரு சின்ன டெமோ காட்டட்டுமா?”

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

“உண்மையான டேப் ரெண்டு தடவ ஒரே மாதிரி ஓடாது. சாஃப்ட்வேர் ஓடும்,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஒரு பக்கம் வெளியான பாட்டு. இன்னொரு பக்கம் மூலப்பதிவு, என் வீட்டு சாஃப்ட்வேர் வழியா. ஒண்ணோட ஒலியலைய தலைகீழா திருப்பி ரெண்டையும் சேத்து ஓட்டுறேன். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் மிச்சம் காதுல விழும். ரெண்டும் ஒண்ணுன்னா ஒண்ணையொண்ணு அழிச்சிரும்.”

பட்டனைத் தட்டினாள். திரையில் பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் எதுவும் இல்லை.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்: “அப்ப டேப் எங்க?”

“அது வந்து, மத்த பாட்டுலதான்…” என்றான் அருண்ராஜ்.

இளமதி இரண்டாவது பாட்டைப் போட்டாள். சத்தமில்லை. மூன்றாவது. அவன் அவள் பக்கத்தில் வந்து, “போதும் இளமதி,” என்று தாழ்ந்த குரலில் சொன்னான். நாலாவதைப் போட்டாள். எட்டும் முடியும்வரை அவள் நிறுத்தவில்லை. அதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மண்டபத்துக்கு வெளியே நிரஞ்சனா காத்திருந்தார்.

“அக்கா, உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா…”

“தடுத்திருப்பேன்.”

“அதான் சொல்லல.”

“அவன் பண்ணது தப்பு. உன் பேரு வரணும், நானே போராடியிருப்பேன்,” என்றார் நிரஞ்சனா. “ஒரு பாட்டு பத்தாதா உனக்கு? எட்டு தடவ எங்க அம்மா முன்னாடி என் குரல இல்லாம ஆக்கிக் காட்டுன. அவங்க காது போச்சோன்னு பயந்துட்டாங்க.”

எட்டுப் பாட்டும் ஓடும்போது இளமதி அருண்ராஜின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்துக்குள் நிரஞ்சனாவும் இருந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் ஆல்பத்தில் அவள் பெயர் ஏறியது. மாற்ற வைத்தவர் நிரஞ்சனாதான். ஆனால் அடுத்த ஆல்பத்துக்கு அவர் வேறொருவரிடம் போனார். அருண்ராஜிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வருஷ முடிவில் ஸ்டூடியோவைக் காலி செய்தான்.

போன மாதம் பாசிர் ரிஸ் உணவங்காடியில், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தான். தாடி வளர்த்திருந்தான். திரும்பிப் பார்த்தவன் ஒதுங்கிப் போகவில்லை.

“இப்ப சந்தோஷமா?” என்றான்.

“உங்க விஷயத்துலயா? ஆமாண்ணா,” என்றாள் இளமதி.

அவன் தன் தட்டை வாங்கிக்கொண்டு போனான். எங்கே உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு, அவன் கண்ணில் படும்படியான ஒரு மேசையில் போய் உட்கார்ந்து, அவள் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.