மேலே வந்த மீன்கள்

மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. நான்காம் நாள் காலை குளத்துக்குப் போன இளையவள் ஓடாத குறையாகத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நம்ம மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து கேக்குதுக்கா. பாவம், என்ன பசியோ. ரெண்டு கூடை தீனி கொட்டிட்டேன்."

மூத்தவளுக்குப் பகீரென்றது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இந்த இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிய குளம் அது. மீன் பிடிக்கப் பன்னிரண்டே நாள்தான் பாக்கி. அதற்குள் இந்தப் புண்ணியவதி இப்படிச் செய்துவிட்டு வந்து நிற்கிறாள்.

"அடியே, அது பசி இல்ல. மூச்சு முட்டுது. வெயில் இல்லாம தண்ணியில காத்து தீர்ந்துபோச்சு. நீ கொட்டின தீனி அழுகினா மிச்சமும் போயிடும்."

இளையவளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

காற்றேற்றும் சக்கரத்தை ஓட்டலாமென்றால் மின்சாரம் இல்லை. கால்வாயிலிருந்து புதுத் தண்ணீர் விடலாம். ஆனால் பழைய தண்ணீர் வெளியேற வேண்டுமே. வடிகாலின் வாயில், பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்காரர் மண்மூட்டை அடுக்கி வைத்திருந்தார். குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் கீரையில் மீன் வாடை அடிக்கிறது என்று வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்களாம். இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முறைப்பு. சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர்தான்.

மூத்தவள் மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, மண்மூட்டையை எடுத்தாத்தான் மீன் பிழைக்கும். எடுத்தா உங்க பாத்தி மூழ்கிடும். எந்த வாயால கேக்கறதுன்னு தெரியல."

முறைப்பு முறைத்தார். "எத்தனை மீனு?"

"நாலாயிரம்."

மறுநாள் அறுக்க வேண்டிய கீரை தளதளவென்று நின்றது. அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போய், மூட்டைகளை அவரே இழுத்துப் போட்டார்.

கால்வாய்த் தண்ணீர் குளத்தில் ஒரு பக்கம் கொட்டியது. பழைய தண்ணீர் மறுபக்கம் கீரைமேல் பாய்ந்தது. அதோடு விட்டாரா மனிதர்? குளத்தில் இறங்கி, "வேடிக்கை பாக்காம அடிங்கம்மா, காத்து ஏறட்டும்" என்று இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தார். இளையவள் அழுதுகொண்டே குதித்தாள். மூத்தவள் வாளியால் அள்ளி அள்ளி வீசினாள். அந்த வழியாக வந்த தபால்காரரும் விஷயம் கேட்டு, சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினார். சற்று நேரத்தில் யார் யார்மேல் தண்ணீர் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவள் தபால்காரரைக் குளிப்பாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கின. செத்தது ஏழோ எட்டோதான். மூத்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கரையேறியதும் சேற்றில் படுத்திருந்த கீரைதான் கண்ணில் பட்டது.

"எல்லாம் போச்சேண்ணே."

"கீரைதானேம்மா. விதைச்சா இருபத்தஞ்சு நாள்ல வந்துடும். செத்த மீனு வருமா?"

மூத்தவள் இளையவளைக் கையோடு இழுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கி, படுத்த கீரையை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தத் தொடங்கினாள்.

"அது நிக்காதும்மா," என்றார் அவர். சொல்லிவிட்டு, அவரும் குனிந்து ஒன்றை நிறுத்தினார்.