கழுகுக் கண்ணில் விழுந்தவள்

என் கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் கழுகு. எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாதாம். பேருந்துப் படியில் தொங்குகிறவர்கள், ரயிலில் நின்றபடியே தூங்குகிறவர்கள், சிக்னலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடி மகளுக்குத் தலை பின்னிவிடும் அம்மா என்று, இந்த ஊர் ஜனங்கள் போவதையும் வருவதையும் படமெடுத்தே பேர் வாங்கிவிட்டார். கேமராவை இடுப்போடு அணைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பார். ரயில் நகரும்போது, கண்ணில் வைத்துப் பார்க்காமலே சன்னல் சன்னலாகப் படம் தட்டித் தள்ளுவார். என்ன விழுந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார்.

அதே ரயிலில்தான் நானும் வேலைக்குப் போய்வருகிறேன். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி பிரித்துக் காட்டும் வேலை. வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கால் விட்டே போச்சுங்க" என்றால், "ம்" என்பார். கண் கம்ப்யூட்டரில் இருக்கும். யாரோ ஒருவருடைய களைப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் துள்ளிக் குதித்துக்கொண்டு கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன்! இந்த ஒரு படத்துக்குத்தான் இத்தனை நாளா நாயா அலைஞ்சேன்!"

ஆண்களின் முதுகுகளுக்கு நடுவே ஒரு பெண். தலை கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண் செருகி, நெற்றியில் மயிர் ஒட்டிக் கிடந்தது. தோள்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அது நான். பெண்கள் பெட்டியைத் தவறவிட்டுப் பொதுப் பெட்டியில் ஏறிய அன்று எடுத்திருக்கிறார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். "யாருங்க இது?"

"யாருக்குத் தெரியும்? யாரோ ஒருத்தி. மூஞ்சியப் பாரு, வீட்ல ஏன்னு கேக்க நாதியில்ல போல. பாவம்."

சொல்ல வாயெடுத்தேன். வீம்பு வந்து தடுத்தது. அவரே கண்டுபிடிக்கட்டும், அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மனுஷனுக்கு என்னை அடையாளம் தெரியுமா, தெரியாதா?

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை அங்குலம் அங்குலமாகச் செதுக்கினார். நான் பக்கத்திலேயே டீயோடு நின்றேன். "அந்தப் பைதான் இடைஞ்சல்" என்று அதை இருட்டாக்கினார். அந்தப் பை அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய படக் கண்காட்சிக்கு வேண்டுமென்றே அதே உடுப்பில், அதே பையோடு போனேன். வந்தவர்களெல்லாம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் மேல் இவருக்கு எவ்வளவு கரிசனம் என்று ஒரு பெரியவர் உருகினார். பெரிய சுவரில் ஆளுயரத்துக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஓரமா நில்லு, படத்த மறைக்காத" என்றார்.

அப்போதுதான் நாத்தனார் உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணி! இது நீங்கதானே? ஐயோ, என்ன இப்படிக் கிடக்கீங்க?" என்றாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, வெறும் "ஐயோ" போதும், எல்லாவற்றையும் மறந்திருப்பேன். எனக்கு அவ்வளவுதான் ரோஷம்.

மெல்ல அவர் முகம் மலர்ந்தது. கேமராவைத் தூக்கினார். இடுப்பிலிருந்து அல்ல, ஒழுங்காகக் கண்ணில் வைத்து.

"அசையாத. படத்துக்குப் பக்கத்துல அப்படியே நில்லு. இது அதவிடப் பெரிய படம்!"

எவ்வளவு அடக்கியும் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

"ஆங், அழு, அழு. துடைச்சிடாத!"

புறங்கையால் அழுத்தித் துடைத்தேன்.

"சே, கெடுத்துட்டியே" என்றார்.