மதகில் இடம் மாறிய அடைப்புக்குறி

மணல் ஏற்றிய படகு, கால்வாயின் மேல்மட்டத்திலிருந்து படகுகளைக் கீழே இறக்கும் மதகுத் தொட்டிக்குள் நுழைந்தபோதுதான், யெல்மெர் காலையில் நிரலில் செய்திருந்த மாற்றத்தைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகக் கேட்டகரி தியரி படித்தவர்கள். அந்தக் கணிதத்தை வைத்தே மதகுக்கான நிரலையும் எழுதினோம். வேலைகளை மோனாடாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் ஒரு கணித அமைப்பாக, இணைத்தால், அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விளைவு மாறக் கூடாது. அதுதான் விதி.

மேல்கதவை மூடு, தண்ணீரை இறக்கு, கீழ்க்கதவைத் திற. முன்பு கடைசி இரண்டும் ஒரே அடைப்புக்குறிக்குள் குழுவாக இருந்தன. யெல்மெர் அதை மாற்றி முதல் இரண்டைச் சேர்த்திருந்தான்.

"ஏன் மாத்தினே?"

"படிக்க நல்லா இருக்கு. விதிப்படி ரெண்டும் ஒண்ணுதானே, விட்ஸ்கே."

"ஏதாவது ஒரு வேலை தவறினா, நம்ம நிரல் அந்தக் குழு முழுசையும் முதல்லேர்ந்து ஓட்டுமே. அப்புறம் எப்படி ஒண்ணாகும்?"

"ஆயிரம் தடவை சோதிச்சாச்சு."

"அதுல சென்சார் ஒரு தடவையாவது தவறிச்சா?"

வெளியே தண்ணீர் பாதி இறங்கிவிட்டது. மேல்கதவை மூடும் வேலை, குப்பையைத் தள்ள முதலில் கதவை ஒருமுறை திறக்கும். இப்போது அந்த வேலை மறுபடி ஓடிக் கதவைத் திறந்தால் கால்வாயே படகின் மேல் கொட்டும். சோதனைக்காக, அப்படித் திறக்கவிடாத பழைய பாதுகாப்புப் பூட்டையும் கழற்றியிருந்தார்கள்.

திரையில் நீர்மட்ட எண் மறைந்தது; சென்சார் தவறிவிட்டது.

"ஹார்ம், சிவப்புப் பட்டனை அழுத்துங்க."

மதகுக்காரர் ஹார்ம் யெல்மெரைப் பார்த்தார். பொறுப்பு அவனுடையது. அவன் வாய் திறந்தபடி நின்றான்.

"அவனைப் பாக்காதீங்க. அழுத்துங்க."

அழுத்தினார். மேல்கதவின் மோட்டார் உறுமி நின்றது. விரலளவு இடுக்கில் பீறிட்ட தண்ணீர் படகின் பின்பக்கத்தை நனைத்தது. படகுக்காரி வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா, குளிக்க வைக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

ஹார்ம் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கதவை இறுக மூடி, படகைக் கீழே இறக்கி அனுப்பினார்.

பிறகு யெல்மெர் கணினியில் சென்சாரை வேண்டுமென்றே தவறவைத்தான். அடைப்புக்குறி இருந்த இரண்டு இடத்துக்கும் இரண்டு வேறு விளைவு.

"அப்போ இது மோனாடே இல்ல," என்றான்.

"பேரு மட்டும் வெச்சிருந்தோம்."

மறுபடி ஓட்டுவதைக் குழுவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தனி வேலைக்குள்ளும் வைத்தான். இப்போது விதி பொருந்துகிறது என்று நான் தாளில் நிரூபித்தேன். அவன் வரிவரியாகச் சரிபார்த்தான். ஆனாலும் அன்று ஹார்ம் எங்களைப் பொத்தான் பக்கமே விடவில்லை.

ரயிலில் யெல்மெர் கேட்டான்: "நீ கேட்டப்பவே நான் நிறுத்தியிருக்கணும், இல்ல?"

"ஆமா," என்றேன்.